வீட்டில் ஓர் ஏட்டறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் நின்று பேசும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இரயில்வேயில் எழுத்தர் வேலைக்குச் சென்ற என்னையும் ஏற்றிவிட்ட செயலாளருக்கு என் நன்றி உரியது. தலைப்பு என்ன என்று அவர் கேட்டபோது, "எங்கள் வீட்டு சர்வர்" என்றேன். சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று வியந்தார். அவர் மீது குற்றமில்லை. தமிழர்க்குச் சர்வர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஓட்டலில் இலை போடுபவர்தாம். அடுத்து வருபவர் 1964ஆம் ஆண்டில் வெளிவந்த சர்வர் சுந்தரத்தில் நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்த நாகேஷ். கணிப்பொறி உலகில் வழங்கும் சர்வரும் ஏறத்தாழ அந்த வேலையையே செய்கின்றது. கேட்பவர் கேட்டதைக் கொண்டு வந்து வைக்கின்றது. ஒரே நேரத்தில் பல மேசைகளைக் கவனிக்கின்றது. அது படுத்துக்கொண்டால் எல்லோரும் பட்டினி.

நாம் வாழும் வைட்ஃபீல்ட், 1882இல் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பயிரிட்டு வாழ்வதற்கென ஏற்பட்ட குடியிருப்பு. 1990களில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பின்னர் கணிப்பொறியூர் ஆயிற்று. இவ்வூரில் மின்தூக்கியேறிச் செல்லும் ஒவ்வொரு மாடியிலும் உலகத்தார் கணக்கையெல்லாம் காக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுடைய சொந்த வீட்டுக் கணக்கை யார் காக்கின்றனர் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

அண்ணன் குடும்பமும் என் குடும்பமும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக வாழ்கின்றோம். அண்ணன் மகனும் மருமகளும் மென்பொருள் துறையினர். பிள்ளைகள் நால்வர் படிக்கின்றனர். கணிப்பொறிகள் ஏழு. கைப்பேசிகளை நான் எண்ணுவதில்லை. ஒருவர் எடுத்த படம் மற்றவர்க்குத் தெரியாது; வீட்டுப் பத்திரத்தின் நகல் எவர் பெட்டியில் உள்ளது என்று தேட ஒரு பகல் போதாது.

இது வெறும் தொல்லையாக இருந்தவரை நாங்கள் பொறுத்திருந்தோம். பின்னர் ஓர் இழப்பு நேர்ந்தது. எங்கள் தந்தையார் ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்தில் பின்பாட்டுப் பாடியவர். கர்ண மோட்சம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். முதுமையில் எங்களோடு வந்து தங்கியபோது, அண்ணன் மகன் மாலைதோறும் அவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தான். மொத்தம் 14 மணி நேரம். 2019இல் அவர் மறைந்தார். பதிவுகளைக் கைக்கு அடக்கமான ஒரு தட்டில் சேர்த்து, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கைப்பேசியிலிருந்து அழித்தும் விட்டோம். 2021இல் ஒரு நாள் அத்தட்டு கடிகாரம்போல் டக்கு டக்கென்று ஒலித்தது. பிறகு ஒலிக்கவே இல்லை. மீட்டுத் தருவோரிடம் கொடுத்தோம், திருப்பிக் கொடுத்துவிட்டனர். ஆம்பூரில் இருக்கும் என் அக்காவிற்கு அவ்வப்போது அனுப்பிவைத்த பாட்டுகள் மட்டும் அவர் கைப்பேசியில் எஞ்சியிருந்தன. ஐந்து மணி நேரம். மற்ற ஒன்பது மணி நேரம் போனது போனதுதான்.

இதில் என்னை உறுத்திய கணக்கு ஒன்று உண்டு. வினாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் பதிந்த ஒலி, மணி ஒன்றுக்கு 58 மெகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. 14 மணிக்கு ஏறத்தாழ 800 மெகாபைட். ஒரு திரைப்படம் பிடிக்கும் இடங்கூட இல்லை. எங்கள் வீட்டுத் தட்டுகளிலோ திரைப்படங்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. மீண்டும் எங்கும் கிடைப்பவற்றை நான்கு படி வைத்திருந்தோம். மீண்டும் கிடைக்காத ஒன்றை ஒரே படியாக வைத்திருந்தோம். ஆகவே வீட்டுக்குச் சர்வர் அமைக்க முனைவோர் முதலில் கடைக்குப் போதல் வேண்டா. ஒரு தாளை எடுத்து, எது தொலைந்தால் திரும்ப வராது என்று எழுதுதல் வேண்டும். எங்கள் தாளில் தந்தையார் குரல், குடும்பப் படங்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் படிப்பு இவ்வளவே இருந்தன. எல்லாம் சேர்ந்து ஒன்றரை டெராபைட்டைத் தாண்டவில்லை.

பெரியோர்களே, படியெடுத்தலை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஓலை செல்லரிக்கும் என்பதை அறிந்து, புதிய ஓலையில் மறுபடி எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். அவ்வாறு எழுதப்படாத ஏடுகள் மண்ணாயின. ஒரே இடத்தில் குவித்து வைத்தலின் துயரத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உள்பட, அழிந்தன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர் துணையால் தமிழ் நூல்களை மின்வடிவில் உலகெங்கும் பரப்பினாரே, அதன் பெருஞ்சிறப்பு பரப்பியதில்தான் இருக்கின்றது. ஆயிரம் வீடுகளில் படி உள்ள நூலுக்குத் தீ ஒரு பொருட்டன்று.

இரயில்வேயும் இதனை அறியும். கையால் எழுதிய காலத்துப் பார்சல் சீட்டில் ஒரு படி நிலையத்தில், ஒரு படி அனுப்புவோர் கையில், ஒரு படி சரக்கோடு. 1985இல் புதுடில்லியில் முன்பதிவைக் கணிப்பொறிக்கு மாற்றத் தொடங்கியபோதும், பின்னர்ச் சென்னை, மும்பை, கல்கத்தா, செகந்தராபாத் என்று தனித்தனி நிலையங்கள் அமைத்து 1999இல் அவற்றை இணைத்தபோதும், எல்லோரும் ஒரே ஏட்டைப் பார்க்கவேண்டும், ஆயினும் ஒருவர் எழுதுங்கால் மற்றவர் அதே இருக்கையை எழுதலாகாது என்பதே சிக்கலாக இருந்தது. ஒற்றைத் தடத்தில் டோக்கன் ஒருவர் கையில் இருக்கும்வரை இயந்திரம் இன்னொன்றை வெளிவிடாதன்றோ? நல்ல சர்வரும் அவ்வாறே செய்கின்றது.

இனி எங்கள் அமைப்பைச் சொல்கிறேன். அண்ணன் மகன் தன் பழைய பெரிய கணிப்பொறியையே சர்வராக்கலாம் என்றான். காசில்லாமல் கிடைப்பதை யார் மறுப்பர்? அண்ணியார் மறுத்தார். "இரவும் பகலும் ஓடினால் கரண்டு பில்லை யார் கட்டுவது?" என்றார். அளந்து பார்த்தோம். சும்மா இருக்கும்போதே 60 வாட். மாதம் முப்பது நாளுக்கு 43 யூனிட். அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு பெட்டிக் கணிப்பொறியோ 10 வாட். மாதம் 7 யூனிட். ஆண்டொன்றுக்கு 430 யூனிட் மிச்சம். அண்ணியாரின் கட்சி வென்றது.

அப்பெட்டியில் டெபியன் என்னும் இயங்குதளத்தை ஏற்றினோம். 1993இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர் பேணி வருவது, விலையில்லை. கோப்புகளைப் பகிர்வதற்குச் சாம்பா என்னும் மென்பொருள். அதனை 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியரான டிரிட்ஜல் எழுதத் தொடங்கினார். வீட்டு வலைப்பின்னலில் சர்வருக்கு மட்டும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்தோம். கதவிலக்கம் நாள்தோறும் மாறினால் தபால்காரர் என் செய்வார்? மாடிக்கும் கீழுக்கும் கம்பி இழுத்தோம். கம்பி வேண்டா, வை-ஃபை போதும் என்றனர் பிள்ளைகள். ஒரு டெராபைட் நகலெடுக்கக் கம்பியில் இரண்டரை மணி ஆயிற்று. எங்கள் வை-ஃபையில் பதினான்கு மணி.

தட்டுகள் இரண்டு வைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படுமாறு இணைத்தோம். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் விளக்கிய ரெய்டு முறைகளில் இது எளியது. ஒரு தட்டு செத்தாலும் வேலை நடக்கும். ஆயினும் இதனைக் காப்புப்படி என்று மயங்குதல் கூடாது. பிள்ளை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற நச்சுநிரல் உலகக் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அத்தகையது வந்தால் இரண்டும் பூட்டப்படும். எனவே மூன்றாம் படியைப் புறத்தட்டில் இரவுதோறும் எடுக்கச் செய்தோம். நான்காம் படி பூட்டுக்குறி இடப்பட்டு ஆம்பூரில் அக்கா வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஜோலார்ப்பேட்டை வண்டியில் நானே கொண்டுபோய் மாற்றி வருகிறேன். இணையத்தில் அனுப்பலாமே என்பர், அனுப்பலாம். எனக்கு அக்காவைப் பார்க்கவும் ஒரு காரணம் வேண்டும்.

வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை நேரே திறக்கும் வழியை நாங்கள் அடைத்தே வைத்துள்ளோம். வெளியூரில் உள்ளவர் தேவைப்படின் வயர்கார்டு என்னும் மறைவழியே வருவர். இதைப்பற்றி மிகுதியாகச் சொல்ல எனக்கு அறிவில்லை. அண்ணன் மகனைக் கேளுங்கள்.

நம் பகுதியின் மின்தடையை அனைவரும் அறிவீர்கள். ஆகவே மின்கலப் பெட்டி ஒன்றையும் இணைத்து, கலம் தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி செய்தோம். 1990இல் ஜெனிவாவில் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் வலைச் சர்வரை இயக்கியபோது, இதனை அணைக்காதீர் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினாராம். நாங்களும் தமிழில் எழுதி ஒட்டினோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் கன்னடம் மட்டுமே படிப்பவர் என்பது, அவர் ஒரு நாள் துடைப்பதற்காக இணைப்பைப் பிடுங்கிய பின்னரே எங்களுக்கு உறைத்தது. இப்போது இருமொழியிலும் இருக்கின்றது.

இதற்கும் பின்னர் நிகழ்ந்ததையே நான் சொல்ல வந்தேன். நான்கு மாதம் சென்றபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தந்தையாரின் ஒரு பாட்டைப் புறத்தட்டிலிருந்து மீட்டுப் பார்ப்போம் என்றேன். எதற்கு, நாள்தோறும் வெற்றி என்று செய்தி வருகிறதே என்றான் அண்ணன் மகன். வற்புறுத்தினேன். தட்டைத் திறந்தால், மூன்று மாதமாக ஒரு கோப்பும் புதிதாக ஏறவில்லை! ஒரு மின்தடைக்குப் பின் சர்வர் எழுந்தபோது புறத்தட்டு அதனோடு இணையவில்லை. நகலெடுக்கும் நிரலோ அதே பெயருடைய வெற்று அறையைச் சர்வரின் உள்ளேயே கண்டு, அங்கேயே எழுதிவந்திருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை அதே வீட்டுக்குள் எறிந்த கதை. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "சித்தப்பா, தாத்தா பாட்டு இன்னொரு தடவை போயிருக்குமே" என்றான். இப்போது தட்டு இணைந்திருந்தாலன்றி நிரல் இயங்காது. மாதத்தின் முதல் ஞாயிறு மீட்புச் சோதனை நாள்.

கடவுச்சொற்களும் மீட்கும் முறையும் எழுதிய தாளை உறையிலிட்டு, அண்ணியாரின் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துள்ளோம். எனக்கும் அண்ணன் மகனுக்கும் ஏதேனும் நேர்ந்தால் மற்றவர் திறக்கவேண்டுமன்றோ? சென்ற முறை எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, அண்ணியாரே உறையைப் பிரித்துச் செய்துபார்த்தார். நாற்பது நிமிடம் பிடித்தது. ஆறாவது வரி விளங்கவில்லை என்று கடிந்துகொண்டார். திருத்தி எழுதி மறுபடி வைத்தோம்.

ஒரு வேண்டுகோள். வட ஆர்க்காட்டுக் கூத்துப் பாட்டுகளையோ தங்கள் வீட்டுப் பெரியோர் குரலையோ பழைய ஒலிநாடாவில் வைத்திருப்போர் இவ்வவையில் இருப்பின், நாடா ஒட்டிக்கொள்ளும் முன் கொண்டு வாருங்கள். ஞாயிறு காலையில் வீட்டில் இருப்பேன். படியெடுத்து உங்கள் நாடாவை உங்களிடமே தந்துவிடுவேன். எங்கள் தந்தையாரின் குழு பாடிய நாடா எவரிடமேனும் இருந்தால், அந்த ஒன்பது மணி நேரத்தில் ஒரு பங்கேனும் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கலாம்.

வணக்கம்.