மழை இல்லாத ஊருக்கும் கொசுக் காய்ச்சல் வருவது ஏன்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் பேசியது)



2006-ம் வருஷம் சிக்குன்குனியா வந்தது மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூட்டு மூட்டா வலிச்சு, ஒரு குடம் தண்ணி தூக்க முடியாம எத்தனை பேர் கிடந்தோம்! அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று அரசு கணக்கு சொன்னது. அப்போ என்கிட்ட நிறைய பேர் கேட்டாங்க, "நர்சம்மா, மழையே பெய்யலை, சாக்கடையும் காஞ்சு கிடக்கு, கொசு எங்கிருந்து வந்துச்சு?" நியாயமான கேள்வி.

கொசு எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளரும். மூளைக்காய்ச்சல் கொசு நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் வளரும். அதனால்தான் விழுப்புரம், கடலூர் பக்கம் அந்த நோய் பேசப்பட்டது. மலேரியா கொசுவிலேயே பல வகை. மலையில் ஓடையோரம் ஒரு வகை, சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் இன்னொரு வகை. ராமேசுவரம் தீவில் சவுக்குக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய குழியில்கூட வளர்ந்திருக்கிறது. நிலம் எப்படியோ அப்படித்தான் நோயும்.

டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் வேணும். காலில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும். மழை பெய்தால் கொட்டாங்குச்சி, டயர், ஆட்டுக்கல் குழியில் முட்டை போடும். மழை இல்லை என்றால்? குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும். நாம டிரம், அண்டா, சிமெண்டுத் தொட்டி எல்லாத்தையும் நிரப்பி வைப்போம். வறட்சியில் அதுக்கு வீட்டுக்குள்ளேயே குளம் கிடைச்சிடுது.

"பொம்பளைங்க தண்ணி பிடிச்சு வைக்கிறதாலதான் டெங்கு" என்று சில பேர் பேசுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். தினமும் தண்ணி வந்தா யார் பிடிச்சு வைப்பா? கிராம சபையில் இதை எழுத்து மூலமாகவே கொடுங்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஊர் சூட்டில் முட்டை கொசுவாக மாற எட்டு, பத்து நாள் போதும். கொசு உடம்புக்குள் போன டெங்குக் கிருமி அடுத்தவருக்குப் பரவும் நிலைக்கு வர, கொஞ்சம் குளிர்ச்சியான காலத்தில் இரண்டு வாரம் ஆகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரமே போதும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். கிருமி சீக்கிரம் தயாரானால், சாவதற்கு முன் இன்னும் பல பேரைக் கடித்து நோயைக் கொடுத்துவிடும். ரொம்பக் கடுமையான வெயிலில் கொசுவும் தாங்காது. மழைக்குப் பிறகு, ஈரமும் சூடும் சேர்ந்த மாதங்களில்தான் கவனம் அதிகம் வேணும்.

இப்போ முக்கியமான விஷயம். இந்தக் கொசு முட்டையைத் தண்ணிக்குள் போடாது. தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிட்டுக் காய வைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நிரப்பினதும் புழு வந்துவிடும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் வைத்து உள்பக்கம் அழுத்தித் தேய்க்கணும்.

மூடி என்று பலகையைச் சாய்த்து வைத்தால் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் இறுகக் கட்டுங்கள். பணியாளர் அபேட் மருந்து ஊற்ற வந்தால் விரட்டாதீர்கள், அளவோடு ஊற்றினால் குடிநீருக்கும் அனுமதித்த மருந்துதான். புகை அடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டியில் உள்ள புழு அப்படியே இருக்கும்.

குழுவின் வாரக் கூட்டம் நடக்கிற நாளையே தொட்டி தேய்க்கும் நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. ஏழு நாளுக்கு ஒரு தடவை தேய்த்தால் புழு கொசுவாகவே மாறாது. தீர்மான நோட்டில் எழுதி, யார் வீட்டில் முடிந்தது என்று வாராவாரம் கேளுங்கள். உயரமான டிரம்மைச் சாய்க்க வீட்டு ஆம்பளைங்களைக் கூப்பிடுங்க. அந்தத் தண்ணியில்தான் அவங்களும் குளிக்கிறாங்க.