உறையவைத்து உலர்த்திய வீட்டுணவு: செய்யலாமா, அனுப்பலாமா, விற்கலாமா?

(நியூ சவுத் வேல்ஸில் வாழும் தமிழ் மூத்தோரின் ஒன்றுகூடலில் நகரசபை மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் ஓர் அம்மா கேட்ட கேள்வியே இன்றைய உரைக்குக் காரணம். அவருடைய மகன் தொலைவிலுள்ள சுரங்க நகரமொன்றில் தனியே பணிபுரிகிறார்; பெரும்பாலும் பாணும் முட்டையுமே அவருக்கு உணவு. தாம் சமைத்ததை உறையவைத்து உலர்த்தித் தபாலில் அனுப்பலாமா, அதற்கான இயந்திரத்தைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாமா என்று அவர் வினவினார். நான் சட்டம் பயின்று மொழிபெயர்ப்புக்கு வந்தேன். சமையலில் எனக்குப் புலமை இல்லை. உணவுப் பாதுகாப்பு அறிவித்தல்களைப் பல்லாண்டுகள் தமிழாக்கிய வகையில் அறிந்தவற்றைக் கூறுகிறேன்.

வெயிலில் காயும் வற்றலில் நீர் நீராகவே வெளியேறுகிறது. அதனால் காய் சுருங்குகிறது. இம்முறையிலோ உணவு முதலில் கல்லாக உறைகிறது. பின்னர் பெட்டியிலுள்ள காற்று உறிஞ்சப்படுகிறது. அழுத்தம் ஏறத்தாழ 6 மில்லிபாருக்குக் கீழே, அதாவது வழமையான காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக இறங்கியதும், பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிறது. உருவமும் நிறமும் பெருமளவு மாறுவதில்லை. ஒரு தடவைக்கு ஒரு நாள் முழுவதும், சிலவேளை 40 மணிநேரம்வரையும் ஆகும். அந்தீஸ் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்துப் பகல் வெயிலில் உலர்த்துவதும் இதற்கு உறவான முறையே.

சோறு, பருப்பு, கீரை, கொழுப்பற்ற கோழியிறைச்சி ஆகியன நன்கு உலரும். எண்ணெயும் நெய்யும் உலரா; நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். தேங்காய்ப்பாலின்றிக் கறியா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பால் விடாமல் இறக்கி உலர்த்துங்கள். உண்பவர் தேங்காய்ப்பால் மாவைக் கரைத்துச் சேர்த்துக்கொள்ளட்டும்.

இனிக் கூறுவதை அருள்கூர்ந்து கவனியுங்கள். இம்முறை கிருமிகளைக் கொல்வதில்லை. அவை உறங்குகின்றன, நீர் ஊற்றியதும் விழிக்கின்றன. குறிப்பாகச் சோற்றில் பசிலஸ் செரியஸ் எனும் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். சமைத்த சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அது உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உணவு வணிகர்களுக்கான விதி, 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணிநேரத்திலும், அடுத்த 4 மணிநேரத்தில் 5 பாகைக்கும் குளிர்விக்க வேண்டும் என்பது. வீட்டிலும் அதையே பின்பற்றுங்கள். பானையோடு ஆறவிடாமல் அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்புங்கள்.

இரண்டாவது ஆபத்து, நடுவில் எஞ்சும் ஈரம். ஒட்சிசன் அகற்றிய பையில் ஈரமான உணவு அடைபட்டால், உயிருக்கே உலைவைக்கும் பொட்டுலிசம் கிருமி அங்கு வளரக்கூடும். அதன் நஞ்சு நாற்றத்தால் தெரியவராது. ஆகவே தட்டை நிறுத்துப் பார்த்து, மேலும் 2 மணிநேரம் உலர்த்தி மீண்டும் நிறுங்கள். எடை குறைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. குறையாதபோது மட்டுமே பையிலடைத்துத் திகதி எழுதுங்கள். நீர் சேர்த்தபின் அது அன்று சமைத்த உணவுக்கு ஒப்பானது. உடனே உண்ண வேண்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். மகனுக்கு அனுப்புவதற்கு அனுமதி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பை இத்தனை டொலர் என்று எழுதியவுடன், 2003ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ் நீங்கள் வணிகர் ஆகிவிடுகிறீர்கள். அன்பளிப்பு என்று பெயரிட்டாலும், பொருளுக்கு ஈடாகப் பணம் வாங்குவது விற்பனையே. தொடங்குமுன் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். கச்சான், கஜு, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைப் பையில் குறிப்பிடவும் வேண்டும். அபராதம் வந்தபின் என்னிடம் மொழிபெயர்க்கக் கொண்டுவரும் கடிதங்களைக் காட்டிலும், முன்னரே கேட்கும் கேள்வி எனக்கு உவப்பானது. ஊரிலிருந்து உலர்த்தி எடுத்துவரும் உணவையும் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவியுங்கள்.

கூட்டாக வாங்குவதைப் பற்றி: இயந்திரத்தின் விலை சில ஆயிரம் டொலர், பம்பு இரவெல்லாம் இரையும், அடுக்குமாடி அயலவர் பொறுக்கமாட்டார். ஒரு வீட்டின் கஜுத் துகள் மறு வீட்டுப் பிள்ளையின் உணவில் கலவாதபடி தட்டுகளைத் தனித்தனியே வைத்திருங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கூறிய விடை இதுதான்: முதலில் இயந்திரம் உள்ள ஒருவரிடம் சோறும் பருப்பும் மட்டும் உலர்த்தி அனுப்பிப் பாருங்கள். பால்விட்ட மீன்குழம்பு, மகன் விடுமுறையில் வீடு வரும்வரை இருக்கட்டும்.