தண்ணி ஏறும்போதும் தவணை கட்டணும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் கொளத்தூர் பக்கம், பண்ணவாடிக்குக் கிட்ட இருந்து வர்றேன். மேட்டூர் அணையை 1925-ல ஆரம்பிச்சு 1934-ல முடிச்சாங்க. அப்போ காவேரிக் கரையில இருந்த ஊருங்க பல காலியாச்சு. எங்க வீட்டுக்காரரோட பாட்டன் சின்னப் பையனா இருக்கும்போது அப்படி மேட்டுக்கு ஏறி வந்த குடும்பம்தான் எங்களுது. தண்ணி நல்லா இறங்கினா பழைய சர்ச் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளிய தெரியும். டிவிக்காரங்க வந்து படம் புடிச்சுட்டுப் போவாங்க. எங்களுக்கு அது வேடிக்கை இல்லீங்க, வேலை. தண்ணி இறங்கின வண்டல் மண்ணுல கடலை, சோளம், ராகி போடுவோம். உரம் அதிகம் கேக்காது, நல்லா விளையும். ஆனா அது அணை நிலம், பட்டா கிடையாது. பட்டா இல்லாம பயிர்க்கடன் எங்க கிடைக்கும்? கர்நாடகத்துல மழை பெஞ்சு திடீர்னு தண்ணி வந்தா, அறுக்கிறதுக்குள்ள பயிர் முங்கிடும். நஷ்டஈடும் கிடையாது.

தண்ணி ஏறிட்டா மீன்தான் பொழைப்பு. வீட்டுக்காரர் ராத்திரி பரிசல்ல போய் வலை போட்டுட்டு விடியக்காலை வருவார். கட்லா, ரோகு, ஜிலேபி கிடைக்கும். அணை 120 அடி நிறைஞ்சா டெல்டாவுல சந்தோஷப்படுவாங்க, படட்டும், அவங்களும் விவசாயிங்கதானே. ஆனா அந்த நேரம் மீன் பரவிப் போயிடும், வலையில சரியா சிக்காது.

முன்னெல்லாம் வலைக்கும் பரிசலுக்கும் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவோம். அவர் சொன்ன விலைக்குத்தான் மீன் போடணும். குழுவுல 15,000 கடன் வாங்கி அதை அடைச்ச பிறகுதான் நானே கூடையில எடுத்துட்டுப் போய் சந்தையில விக்கிறேன். எடை போடுறது நான், காசு வாங்குறதும் நான்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். மாசாமாசம் ஒரே தவணைங்கறது சம்பளக்காரங்களுக்குச் சரி. எங்க வருமானம் தண்ணியோட ஏறி இறங்குது. மீன் இல்லாத மாசம் தவணை கட்ட நாங்க திரும்ப அந்த வியாபாரிகிட்டதான் போக வேண்டியிருக்கு. அணையோரக் குழுங்களுக்கு அந்த மாசங்கள்ல வட்டி மட்டும் வாங்கிக்கிட்டு, அசலை அறுவடையிலயும் மீன் வர்ற காலத்துலயும் சேர்த்துக் கட்டவிடணும். எங்க குழுவுல 12 பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்கோம். தலைவி அக்கா இதைத் தீர்மான நோட்டுல ஏத்தணும்.