கரியழுகலும் சோயா மொச்சை ரகங்களும்

வெப்பமும் வறட்சியும் சேர்ந்து வரும் இடங்களில் சோயா மொச்சையின் வேரை அழிக்கும் நோய்களில் முன்னிற்பது கரியழுகல். மேக்ரோபோமினா பேசியோலினா என்ற பூஞ்சையால் இது வருகிறது. பூக்கும் வரை செடி நன்றாகவே இருக்கும். காய் முற்றும் சமயத்தில் மழை பொய்த்து, வெப்பம் 30 முதல் 35 டிகிரிக்குப் போனால், இலைகள் மஞ்சளித்து, உதிராமல் செடியிலேயே காய்ந்து தொங்கும். ஆணிவேரைப் பிளந்து பார்த்தால் உள்ளே கரித்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை பூஞ்சையின் உறக்க உருண்டைகள். செடியின் நீர்க்குழாய்களை அடைப்பவை அவையே. பிறகு காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடப்பவையும் அவையே.

புதுவை நெல்லித்தோப்புக் கடைகளில் சோயா என்றால் மீல்மேக்கரும் எண்ணெயும்தான். பயிராக அது விளைவது பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும். பூஞ்சை மட்டும் புதுவைப் பக்கத்துக்குப் பழையது. ஏறத்தாழ 500 வகைச் செடிகளைத் தாக்கும் இது, நிலக்கடலையிலும் எள்ளிலும் உளுந்திலும் வேரழுகல் என்ற பெயரில் வருகிறது.

அமெரிக்காவில் சோயா வேரை அழுகவைக்கும் இன்னொரு கிருமியான பைட்டோப்தோராவுக்கு எதிராக, ஒற்றை மரபணுவைச் சேர்த்தே எதிர்ப்பு ரகங்கள் உருவாயின. பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சை அல்ல, பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிர். அது தன்னை மாற்றிக்கொள்ளும்போது மரபணு பயனிழக்கிறது. அடுத்ததைத் தேட வேண்டியிருக்கிறது. கரியழுகலில் அந்தக் குறுக்குவழியும் கிடையாது. எதிர்ப்புத் திறன் பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. முழுமையாகத் தப்பும் ரகம் இல்லை. கூடுதலாகத் தாங்குவது, குறைவாகத் தாங்குவது என்ற வேறுபாடே உண்டு. அமெரிக்க வேளாண்துறை 2006இல் வெளியிட்ட டி.டி. 97-4290 என்ற வித்துக்கூட, மிதமாகத் தாங்குவது என்றே பதிவாகியிருக்கிறது.

ஆகவே தேர்வு மெதுவாகத்தான் நடக்கும். சோள மணிகளில் பூஞ்சையை வளர்த்து மண்ணில் கலந்து, வேண்டுமென்றே நோய்ப்பாத்தி அமைக்கிறார்கள். சோதனை ரகங்களுக்கு இடையிடையே, எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகத்தையும் விதைக்கிறார்கள். அது சாகாவிட்டால் அந்தப் பருவத்துச் சோதனை செல்லாது. மழை அதிகமான ஆண்டில் எல்லா ரகமும் நல்ல ரகமாகவே தோன்றும். அதனால் பல ஊர்களில், பல ஆண்டுகள் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குறுகிய கால ரகம், கடைசி வறட்சி வருமுன்பே முற்றிவிடுகிறது. அது நோயைத் தாங்கியதா, நோய்க்கு முன்பே ஓடிவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். உழவருக்கு இரண்டும் லாபமே. கலப்பினம் செய்பவருக்கு முதலாவதுதான் பெற்றோர் செடியாகப் பயன்படும். 1994இல் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜே.எஸ். 335 பெரும்பரப்பில் பரவியது. கரியழுகலுக்கு அது எளிதில் ஆளாகும். அங்கிருந்தே பின்னர் வந்த ஜே.எஸ். 20-34 அந்நோயைத் தாங்குவதோடு, சுமார் 87 நாளில் அறுவடைக்கும் வருகிறது.

தாங்கும் ரகத்துக்கும் துணை வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும், காய் பிடிக்கும்போது ஒரு தண்ணீர் விடுவதும் உதவும். சோளமும் மக்காச்சோளமும் இதே பூஞ்சைக்கு இரை என்பதால், அவற்றோடு பயிர் மாற்றுவதில் அதிகப் பயனில்லை. நெல்லோடு மாற்றுவது மேல். நீர் தேங்கிய வயலில் உறக்க உருண்டைகள் சில வாரங்களிலேயே பெருமளவு அழிந்துவிடுகின்றன.