43 ஓட்டில் தோற்றது ஏன்?

(கிள்ளானில் நடைபெற்ற தோட்டக் கிளைப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, வேலை முடித்து, பஸ் பிடித்து இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கிளைத் தேர்தல்கள் நெருங்குகின்றன. ஒவ்வொரு தேர்தலும் முடிந்தபின் தோற்றவர் சொல்லும் பேச்சு நமக்கெல்லாம் மனப்பாடம். "பணம் விளையாடிவிட்டது" என்பார். "கூட இருந்தவனே காலை வாரிவிட்டான்" என்பார். "என் நேரம் சரியில்லை" என்பார். நூறு ஓட்டில் தோற்றவர் இப்படிப் பேசுவதில்லை; அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நாலு ஓட்டில் தோற்றவர்தான் நாலு வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நாலு ஓட்டு எங்கே போயிற்று? அதைத் தேடுவதுதான் இன்று என் பேச்சு.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் புளோரிடா என்ற ஒரு மாநிலத்தில் 537 ஓட்டு குறைந்ததால் அல் கோர் என்பவர் ஜனாதிபதி பதவியையே இழந்தார். உலகமே அதைப் பேசிற்று. ஆனால் அதைவிட நெருக்கமான ஒரு தலைவர் தேர்தல் நம் கோலாலம்பூரிலேயே நடந்திருக்கிறது. நான் அப்போது பிறக்கவில்லை. என் தகப்பனார் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு ரேடியோப் பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் தாமும் நின்றதாகச் சொல்வார்.

1987ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி. புத்ரா உலக வாணிப மையத்தில் அம்னோ கட்சியின் மகாநாடு. அக்கட்சியின் தலைவர் எவரோ அவரே நாட்டின் பிரதமர் என்பது அந்நாளைய வழக்கம். ஆகவே அங்கே விழுந்த ஓட்டு, கட்சி ஓட்டு மட்டுமன்று. பிரதமரையே தீர்மானிக்கும் ஓட்டு. ஒரு புறம் 1981 முதல் பிரதமராக இருந்த டாக்டர் மகாதீர். மறுபுறம் அவருடைய மந்திரிசபையிலேயே வாணிப, தொழில் மந்திரியாக இருந்த கிளந்தான் தெங்கு ரசாலி ஹம்சா. எண்ணி முடித்தபோது மகாதீருக்கு 761, ரசாலிக்கு 718. வித்தியாசம் 43. அப்படியென்றால் 22 பேர் மட்டும் மனம் மாறி இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்த நாட்டின் சரித்திரமே வேறு. 22 பேர்! ஒரு லயத்தில் குடியிருப்போர் தொகைகூட இல்லை.

தோழர்களே, ரசாலி ஏன் தோற்றார்? ஓட்டு ரகசியமானது. எவர் எவருக்குப் போட்டார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆயினும் வெளிப்படையாகத் தெரிந்த காரணங்கள் சில உண்டு.

முதற் காரணம், எதிரில் நின்றவர் கையில் பதவி இருந்தது. பேராளர்களில் பலர் அரசாங்கத்தின் தயவை வேண்டி நின்றவர்கள். தோற்கிற பக்கம் நின்றால் என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தேர்தல் முடிந்ததும் ரசாலியும் வெளிநாட்டு மந்திரி ராயிஸ் யாத்திமும் பதவி விலகினார்கள். அந்த அணியைச் சேர்ந்த மற்ற மந்திரிகள் மந்திரிசபையிலிருந்து நீக்கப்பட்டார்கள். இது வரும் என்று தெரிந்தும் 718 பேர் பிரதமரை எதிர்த்து ஓட்டுப் போட்டார்களே, அது எதனால் முடிந்தது? ரகசிய வாக்கெடுப்பினால் முடிந்தது. 1978இல் அப்போதைய தலைவர் உசேன் ஓனை எதிர்த்து நின்றவருக்கு விழுந்த ஓட்டு 250தான். ஒன்பதே வருஷத்தில் 250, 718 ஆயிற்று. தொழிற்சங்கத்தில் நிர்வாகிகளை ரகசிய ஓட்டில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை வெறும் சடங்காக நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம், கூட்டணியின் வயது. ரசாலியோடு ஜோடி சேர்ந்து துணைத் தலைவருக்கு நின்றவர் மூசா ஹீத்தாம். இவர் யார்? 1981இலும் 1984இலும் இதே ரசாலியை இதே துணைத் தலைவர் பதவிக்குத் தோற்கடித்தவர். இரண்டு முறை எதிரெதிராக நின்று, தொகுதி தொகுதியாகத் தொண்டர்களை மோதவிட்டவர்கள், மூன்றாம் முறை கைகோத்து வந்தார்கள். தலைவர்கள் மேடையில் கைகுலுக்கிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். கீழே இருப்பவன் மனத்தில் பட்ட காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? ரசாலிக்கு விழுந்தது 718, மூசாவுக்கு விழுந்தது 699. ஜோடியாக நின்றவர்களுக்கு ஜோடியாக ஓட்டு விழவில்லை.

மூன்றாவது காரணம், சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்ல முடியாத நிலை. 1985இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கிற்று. ஈய விலை விழுந்தது. தோட்டத்திலும் வயிறு சுருங்கிய காலம் அது. நிர்வாகம் சரியில்லை என்று ரசாலி அணி குறை சொல்லிற்று. ஆனால் அவரோ 1984 வரை நிதி மந்திரி. தேர்தல் நாளன்றும் மந்திரி. "அப்படியானால் நீர் இத்தனை நாள் உள்ளே இருந்து என்ன செய்தீர்?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். நம் கிளைகளிலும் காரியக் கமிட்டியில் மூன்று வருஷம் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, தேர்தல் வந்ததும் சிங்கம்போல் கர்ஜிக்கிறவர் உண்டு. தொழிலாளி சிரித்துக்கொண்டே கேட்பான், ஓட்டுப் போடமாட்டான்.

இவையெல்லாம் பெரிய காரணங்கள். ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது சிறிய காரணம். மயிரிழையில் முடியும் போட்டியில் சிறிய காரணந்தான் பெரிய காரணம்.

தலைவர் பதவிக்குச் செல்லுபடியான ஓட்டு 761உம் 718உம் சேர்த்து 1479. துணைத் தலைவர் பதவிக்கு கபார் பாபாவுக்கு 739, மூசாவுக்கு 699, ஆக 1438. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 41 ஓட்டு குறைகிறது. மூசா தோற்றது எத்தனை ஓட்டில்? 40 ஓட்டில். வெற்றிக்கும் தோல்விக்கும் இருந்த இடைவெளியைவிட, வீணாய்ப் போன ஓட்டு ஒன்று அதிகம்!

இன்னும் கேளுங்கள். தோற்ற அணியினர் சிலர் நீதிமன்றம் போனார்கள். பதிவு செய்யாத கிளைகளிலிருந்து பேராளர்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள், தேர்தல் செல்லாது என்பது அவர்கள் வழக்கு. 1988 பிப்ரவரி 4ஆம் தேதி நீதிபதி ஹருன் ஹாஷிம் தீர்ப்புச் சொன்னார். 30 கிளைகள் சட்டப்படி பதிவு பெறாதவை என்பது மெய். ஆகவே கட்சியே சட்டவிரோதச் சங்கமாகிவிட்டது என்றார்! மறுதேர்தல் கேட்டுப் போனவர்களுக்குக் கட்சியே இல்லாமற் போயிற்று. ஆளும் தரப்பு அதே மாதத்தில் புதிய அம்னோவைப் பதிவு செய்துகொண்டது. ரசாலி செமாங்காட் 46 என்ற தனிக்கட்சி கண்டார். 1990 பொதுத் தேர்தலில் கிளந்தானில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஜெயித்தார். நாட்டை ஜெயிக்க முடியவில்லை. 1996இல் கட்சியைக் கலைத்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பினார்.

அந்த 30 கிளைகளின் பதிவுத் தாள்களைத் தேர்தலுக்கு முன்பே யாராவது கேட்டுப் பார்த்திருந்தால்? ஓட்டு எண்ணிய பிறகு கேட்டார்கள். பால் ஓட்டம் விடியற்காலையில். பத்து மணிக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், கோப்பை நிறையவில்லையே என்று மரத்தைத் திட்டி என்ன பயன்?

ஜெயித்தவர்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டார்கள். புதிய அம்னோவில், ஒரு தொகுதி ஒருவரை நியமனம் செய்தாலே அவருக்குப் பத்து ஓட்டு கூடுதல் என்று விதி வந்தது. பிறகு, இத்தனை தொகுதிகளின் நியமனம் இருந்தால்தான் போட்டியே என்று ஆயிற்று. 2004இலும் 2008இலும் ரசாலி மறுபடி தலைவர் பதவிக்கு நிற்க விரும்பினார். போதிய நியமனம் கிடைக்காமல் ஓட்டுப் பெட்டி வரைகூட வர முடியவில்லை. ஒரு காலத்தில் 718 ஓட்டு வாங்கியவருக்கு இந்த நிலை. விதியை எழுதுகிறவன் பாதித் தேர்தலை அங்கேயே முடித்துவிடுகிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே, சங்க விதித் திருத்தம் வரும்போது "அது கிராணிமார் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள்.

இனி, நம் இனத்தாரைச் சுட்ட இன்னொரு தேர்தல். இலங்கையில் 2005 நவம்பர் 17ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தல். மகிந்த ராஜபக்சவுக்கு 4,887,152 ஓட்டு. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. ரணிலுடைய சமாதான ஒப்பந்தத்தின் மீது தெற்கில் இருந்த சந்தேகமும் அவர் தோல்விக்கு ஒரு காரணந்தான். ஆனால் வடக்கே பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பெயர் பதிந்திருந்த வாக்காளர் 701,938 பேர். ஓட்டுப் போட்டவர் 8,524 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! இந்தத் தேர்தலில் அக்கறை இல்லை என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள், மிரட்டலும் நடந்தது, மக்கள் வீட்டுக்குள் இருந்துவிட்டார்கள். மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம்மவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். நுவரெலியா மாவட்டத்தில் ரணிலே ஜெயித்தார். வடக்கும் அப்படி வந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள். அந்த மக்கள் ஓட்டுப் போடாததால் தேர்தல் நிற்கவில்லை. அவர்கள் இல்லாமலே ஜனாதிபதி வந்தார். அதன் பின் வந்த யுத்தம் 2009இல் எப்படி முடிந்தது என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

தோழர்களே, இதுவரை ஊரார் கதை சொன்னேன். என் கதை ஒன்றும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் கிளைத் தலைவர் பதவிக்கு ஓர் அக்காள் நின்றார். இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். லயத்துத் தண்ணீருக்காக மானேஜரிடம் நேருக்கு நேர் பேசியவர். நான் கிராணிகள் சங்கத்துக்காரன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனால் தொழிலாளர் சந்தாப் பிடித்தம் என் மேசை வழியாகத்தான் போகிறது. பக்கத்து டிவிஷனிலிருந்து மாற்றலாகி வந்த ஒன்பது பேர் சந்தாப் பாரங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசி, சம்பளக் கணக்கு, அந்த அவசரத்தில் பாரங்களை இழுப்பறைக்குள் வைத்தேன். வைத்தவன் மறந்தேன். ஓட்டு நாளில் ஒன்பது பேரும் வந்து நின்றபோது பட்டியலில் பெயர் இல்லை. அக்காள் நாலு ஓட்டில் தோற்றார்.

நான் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, செக்ரோலில் ஒரு நாள் என் பேர் விட்டுப்போனால் அன்றைக்கே உன்கிட்ட வந்து நிற்பேன். சங்கப் பட்டியலை நானும் வந்து பார்க்கவில்லையே" என்றார். அந்த வார்த்தை இன்றும் என்னைச் சுடுகிறது. அந்த ஒன்பது பேரும் அவருக்கே போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே நான் பறித்துவிட்டேன். அடுத்த இரண்டு வருஷம் லயத்துத் தண்ணீர் பழையபடிதான் வந்தது.

ஆகவே கிளைப் பொறுப்பாளர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே உறுப்பினர் பட்டியலை வாங்கி, லயம் லயமாகப் போய்ப் படித்துக் காட்டுங்கள். பெயர் விட்டுப்போனவரை ஆபீசுக்கு அனுப்புங்கள். கிராணி "நாளை வா" என்றால் நாளையும் அனுப்புங்கள். ஓட்டுச் சீட்டில் எங்கே, எப்படிக் குறியிடுவது என்று எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், வேறு தேசத்திலிருந்து வந்து நம்மோடு சேர்ந்த தொழிலாளருக்கும் முன்கூட்டியே காட்டுங்கள். எதிர்த்து நிற்பவருடைய ஆட்களின் பெயர் விட்டுப்போயிருந்தாலும் அதையும் சேருங்கள்; அதைச் செய்கிற தைரியம் இருந்தால்தான் தோற்ற பிறகு குறை சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

கிராணி நண்பர்களே, உங்களுக்கு ஒன்று. இன்று திரும்பிப் போனதும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். என் இழுப்பறையில் ஒன்பது இருந்தன.