மாலிக்கு என்ன கூலி?

அலுவல் நிமித்தம் தில்லிக்கு வந்து, பல ஆண்டுகள் மாடி வீடுகளில் காலங்கழித்து, முடிவில் தரைத்தளத்து அரசு வீடு ஒன்று கிடைக்கப் பெறும் நம்மவர்க்கு முதலில் கண்ணிற் படுவது சுவரன்று, சமையலறையன்று. வாசலில் கிடக்கும் நாலு பாகம் மண்ணே. இங்கே ஒரு கறிவேப்பிலை, அங்கே ஒரு முருங்கை, சன்னலோரம் ஒரு மல்லிகை என்று மனக்கோட்டை கட்டி முடிப்பதற்குள், மறுநாட் காலையில் மிதிவண்டியில் ஒருவர் வந்து வாசலில் நிற்கிறார். "பாபுஜி, மாலி வேண்டுமா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன விடை கூறுவது, என்ன கூலி பேசுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். தில்லியில் நாங்கள் பட்டறிந்ததையே சொல்லப் போகிறோம். பம்பாயிலும் பெங்களூரிலும் இருக்கும் நேயர்களுக்குத் தொகை மாறும். கணக்குப் போடும் முறை அதிகம் மாறாது என்று நினைக்கிறோம்.

மாலி என்னும் சொல்லுக்கு வடமொழியில் மாலை தொடுப்பவன் என்பது பொருள். பூவை வளர்ப்பவனும் தொடுப்பவனும் ஒருவனாகவே இருந்த காலத்தில் எழுந்த சொல் போலும். கோப்புகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் நாங்கள் இச்சொல்லுக்குத் 'தோட்டப் பராமரிப்புப் பணியாளர்' என்று எழுதியதுண்டு. வாசலில் நிற்பவரை அப்படி அழைத்தால் அவரும் திரும்பிப் பாரார்; நமக்கும் சிரிப்பு வரும். மாலிஜி என்பதே போதும்.

இவர் ஒரு வீட்டின் முழுநேர ஆள் அல்லர் என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு மாலிக்குப் பத்து, பதினைந்து வீடுகள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருப்பார். குர்பீ என்னும் சிறு களைக்கொட்டும் கத்தரியும் அவருடையவை. மண்வெட்டியும் நீர்க்குழாயும் நம்முடையவை. உரமும் நாற்றும் நம் செலவு. இத்தனையும் எங்களுக்குத் தெரியாமலே நாங்கள் மாலி வைத்தோம்.

2018 ஜூலையில் இராமகிருஷ்ணபுரத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. வந்து நின்ற மாலி அறுபதை நெருங்கியவர். மாதம் 1,500 ரூபாய் கேட்டார். பக்கத்து வீட்டில் ஆயிரந்தான் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து அறிந்திருந்தோம். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் கால்மணி நேரம் பேசி 1,100 ரூபாய்க்கு இறக்கினோம். நானூறு ரூபாய் மிச்சம் என்று அன்று மாலை அலுவலக நண்பரிடம் பெருமையாகவும் சொல்லிக் கொண்டோம்.

அப்போது ஆடி மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடையில் படம் பார்த்து வாங்கிய பூவிதைப் பொட்டலங்களை எடுத்து நீட்டி, "இன்றே விதையுங்கள்" என்றோம். இவை குளிர்காலப் பூக்கள். மழை ஓய்ந்து, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நாற்றுவிட வேண்டும் என்றார் அவர். நாங்கள் கேட்கவில்லை. அவரும் மறுபேச்சின்றி விதைத்தார். வெண்டையும் பாகலும் மழையில் செழித்தன. பெட்டூனியாவும் பிளாக்ஸும் பத்தே நாளில் அழுகின. பழமொழி பொய்யன்று, அது பிறந்த ஊர் வேறு, அவ்வளவே. தில்லித் தோட்டத்தின் வசந்தம், நவம்பரில் நட்ட நாற்று பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பூப்பது. ஏப்ரல் வெயிலில் அது கருகிவிடும். அதன்பின் மேயிலும் ஜூனிலும் 'லூ' என்னும் அனற்காற்று.

டிசம்பர் வந்தது. எங்கள் கறிவேப்பிலைக் கன்று மஞ்சளித்து, இலைகளை உதிர்த்து, பொங்கலுக்குள் வெறுங்குச்சியாயிற்று. செத்தது என்று பிடுங்கப் போனோம். மாலி தடுத்தார். அது குளிருக்கு உறங்குகிறது. நீரை மட்டும் குறையுங்கள். ஹோலி வரட்டும் என்றார். அரைமனத்தோடு விட்டோம்.

அடுத்து நடந்ததுதான் பொறுக்க முடியாததாயிற்று. மதுரையிலிருந்து இரயிலில், மடியில் வைத்துக் கொண்டுவந்த குண்டுமல்லிப் பதியன் ஒன்று எங்கள் சன்னலோரம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அச்செடி முழங்காலளவுக் கட்டையாக நின்றது. இலைகளையும் உருவி எறிந்திருந்தார். இல்லத்தரசியார் கண்கலங்கினார். யாரைக் கேட்டுச் செய்தீர் என்று வாசலிலேயே உரத்துப் பேசினோம். அவருடைய விளக்கத்தைக் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. அம்மாதக் கூலியில் செடிக்காக முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு எண்ணூறைக் கையில் கொடுத்து, இனி வரவேண்டாம் என்றோம். அவர் குர்பீயை மிதிவண்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்தவர் இளைஞர். எண்ணூறு ரூபாயே கேட்டார். மகிழ்ந்தோம். அவர் வரும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பார். வாரந்தோறும் ஒரு மருந்து, ஒரு மூட்டை உரம் என்று சீட்டு நீட்டுவார். மார்ச்சு மாதம் கணக்குப் பார்த்தபோது கூலியும் சீட்டுகளும் சேர்ந்து 1,900 ரூபாய் ஆகியிருந்தது. வேரில் நீர் தேங்கி ரோஜாச் செடி இரண்டு மடிந்திருந்தன.

அதே மார்ச்சில் கறிவேப்பிலைக் குச்சியில் செந்தளிர் கிளம்பியது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், வெட்டுண்ட மல்லிகைக் கட்டையிலிருந்து எழுந்த புதுக்கிளைகள் எல்லாவற்றிலும் மொட்டு. முதல் நாள் பறித்தவை நாற்பதுக்குமேல் இருக்கும். தில்லிக்கு வந்த பின் கடைப்பூ வாங்காமல் எங்கள் வீட்டுப் படத்துக்குச் சரம் சாற்றியது அன்றுதான். மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும். குளிர் முடியுமுன் வெட்டி, நீரை நிறுத்தி, பின்னர் எருவிட வேண்டும் என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். நம் நாட்டு மல்லிகைத் தோட்டக்காரர்களும் நவம்பர்க் கடைசியிலேயே கவாத்துச் செய்து விடுகிறார்களாம். இதை அறிய நாங்கள் தில்லிக்கு வரவேண்டியிருந்தது! வாசலில் ஒற்றைச் செடி வளர்த்தவனுக்கும், கலைப்பட்டம் பெற்றுக் கோப்புகளோடு உறவாடுபவனுக்கும் இது தெரியாது போவதில் வியப்பில்லை. தெரியாமலே ஒருவர் கூலியைப் பிடித்தோமே, அதுதான் உறுத்தியது.

இல்லத்தரசியார் பூச்சரத்தில் ஒரு முழம் கிள்ளி எடுத்துக்கொண்டு, "வாருங்கள், அந்தப் பையாவைத் தேடுவோம்" என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் களையெடுத்துக் கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் கேட்டது, கறிவேப்பிலை தளிர்த்ததா என்பதுதான். தளிர்த்தது என்றோம். முந்நூறு ரூபாயை நீட்டினோம். எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலைவேளை எங்களுக்குக் கொடுத்திருந்த நேரத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. மாலையில் வேண்டுமானால் வரலாம். 1,500 ரூபாய் என்றார். இம்முறை நாங்கள் பேரம் பேசவில்லை.

இன்று வரை அவரே எங்கள் மாலி. இப்போது 1,800 ரூபாய் கொடுக்கிறோம். இது அதிகமா, குறைவா? அவரோடு உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டோம். அவருக்குப் பதினான்கு வீடுகள், நாளொன்றுக்கு ஏழு. வீட்டுக்கு 1,200 முதல் 1,800 வரை, எல்லாம் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 19,000 ரூபாய். தில்லி அரசு 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், தேர்ச்சியற்ற தொழிலாளிக்கு மாதம் 18,456 ரூபாய். தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு 22,411 ரூபாய். எப்போது வெட்டுவது, எப்போது வெட்டாமல் விடுவது என்று அறிந்த முதியவரின் வருவாய், ஒன்றும் கற்காதவருக்கு விதித்த தொகையையே ஒட்டி நிற்கிறது. அதிலும் மிதிவண்டிப் பழுதும் கத்தரி சாணை பிடிப்பதும் அவர் செலவு. ஊருக்குப் போனால் பாதி வீடுகளில் பிடித்தம். வீட்டுக்கு வீடு ஓடும் நேரத்துக்குக் கூலி கொடுப்பார் யாருமிலர்.

வேறொன்றும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது குடியிருப்பின் வாயில்கள் மூடப்பட்டன. ஏப்ரல் மாதக் கூலியை அவர் மகனின் கைப்பேசிக் கணக்குக்கு அனுப்பினோம். மே மாதத்துக்கு அனுப்பவில்லை. வேலை செய்யவில்லையே என்பது அன்று எங்களுக்குப் போதிய காரணமாகத் தோன்றிற்று. எங்கள் சம்பளமோ இரண்டு மாதமும் தவறாமல் வந்தது. அவர் இதுபற்றி ஒருபோதும் கேட்டதில்லை. அவர் கேளாததனாலேயே நாங்கள் இங்கே சொல்கிறோம்.

ஆகவே, புதிதாக மாலி வைப்போர் கூலியை மட்டும் பேசி முடித்துவிடலாகாது. வாரத்தில் எத்தனை நாள், எந்த வேளை என்பதைப் பேசுங்கள். ஊருக்குப் போகும் நாள்களுக்கு முழுக்கூலி உண்டா, அந்நாள்களில் மாற்றாள் வருவாரா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். அனற்காற்று வீசும் நாள்களில் ஒரு வாரம் நீரில்லையென்றால் ஓராண்டு உழைப்பும் போய்விடும். எருவையும் நாற்றையும் கூலியோடு கலக்க வேண்டாம். மாலியோடு நாற்றுப்பண்ணைக்கு ஒருமுறை நீங்களே போய்வருவது நல்லது. எது எந்த மாதத்துக்குரியது என்று அங்கே விளங்கும். தீபாவளிக்கு ஒரு மாதக் கூலி கொடுப்பது எங்கள் வழக்கம். சில வீடுகளில் மிட்டாய்ப் பெட்டி ஒன்றோடு முடித்துவிடுகிறார்கள். அது போதாதென்பது எங்கள் எண்ணம்.

இந்த வாசல் தோட்டங்களும் இனி எத்தனை நாளோ தெரியவில்லை. 2016 ஜூலையில் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாழ்ந்த பழைய வீடுகள் இருந்த இடத்தில் அடுக்கு மாளிகைகள் எழுந்துள்ளன. மேல்மாடியில் ஏது மண்? எங்கள் மாலி 2018-இல் எங்கள் வாசலுக்கு வந்ததே, நேதாஜி நகரில் அவர் பார்த்துவந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானதனால்தான் என்று பல காலம் கழித்துச் சொன்னார். முதல் நாள் அவர் 1,500 கேட்டதும், 1,100-க்கு இறங்கியதும் ஏன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. இப்போது அடுக்கு மாளிகைகளில் தொட்டிச் செடிகளுக்கு வாரம் இருமுறை போகிறார். மின்தூக்கியில் ஏறி, பதினைந்து தொட்டிகளைப் பார்த்து இறங்க அரைமணி நேரமாம். மண்ணில் நிற்பதுபோல் இல்லை என்கிறார்.

எங்கள் கறிவேப்பிலை இப்போது கூரையைத் தொடுகிறது. அதன் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்புகின்றன. அவற்றை மாலி பக்குவமாகப் பெயர்த்து, தொட்டியில் வேர்பிடிக்க வைத்து, இராமகிருஷ்ணபுரத்துத் தமிழ் வீடுகளுக்குக் கன்று நூறு ரூபாய் என்று கொடுத்து வருகிறார். பணம் அவருக்கே. வேண்டுவோர் மார்ச்சு பிறந்த பிறகு கேட்பது நலம். குளிர்காலத்தில் எத்தனை கெஞ்சினாலும் அவர் தரமாட்டார்.