அருள் என்னும் உறைக்குள் வாள்



ஆள்வோர் மொழியும் சொல்லைப் பொருள் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

1898-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்தவர் வில்லியம் மெக்கின்லி. அவ்வாண்டு அமெரிக்கா இசுபெயினோடு போரிட்டது. இசுபெயினுக்கு அடிமைப்பட்டிருந்த பிலிப்பைன் மக்கள், அகினால்டோ தலைமையில் சூன் 12-இல் விடுதலை அறிவித்தனர். ஆயினும், திசம்பர் 10-இல் பாரிசு உடன்படிக்கையின்படி, இசுபெயின் இரண்டு கோடி தாலர் பெற்று அத்தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அம்மண்ணின் தூதரை அவ்வவையில் ஏற்றாரிலர்!

திசம்பர் 21-ஆம் நாளிட்ட மெக்கின்லியின் அறிக்கை, தம் நோக்கம் 'அருளோடு தம்முள் இணைத்துக்கொள்ளல்' என்றது. இருவரும் உடன்படின் அஃது இணைப்பு. ஒருவர் மறுப்பவும் செய்யின் அது விழுங்கலே அன்றோ?

1899 பிப்ரவரி 4-இல் போர் வெடித்தது. 1902 வரை நீண்டது. போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்ட பொதுமக்கள் இரண்டு இலக்கம் வரை என மதிப்பிடுவர். 1901-இல் பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலம் சட்டத்தால் புகுந்தது. வாளின் பின் ஏடும் வந்தது!

1946 சூலை 4-இல் அமெரிக்கா விடுதலை வழங்கிற்று. ஆனால் 1962 முதல் அந்நாடு விடுதலை நாளாகக் கொண்டாடுவது சூன் 12-ஐயே! பிறர் கொடுத்த நாளை விடுத்து, தாம் எழுந்த நாளைத் தமதாகக் கொண்டனர். மானமுடைய மக்களின் கணக்கு அதுவே.